தலைநகரின் தாகம் தீர்த்த தீரர்
பூண்டி ஏரி தந்த சத்தியமூர்த்தியின் கதை

நெல்லைச் சீமையில் உள்ள நாங்குநேரியில் ஓர் அதிசயக் கிணறு இருக்கிறது.

அதில் இருப்பது தண்ணீர் அல்ல, எண்ணெய்!

வானமாமலைப் பெருமாளுக்கு எண்ணெய்க் காப்பு நடக்கும். அந்த எண்ணெயை வீணாக்குவது இல்லை. கோவிலுக்குள் உள்ள கிணற்றில் சேர்த்து வைக்கிறார்கள்.

எண்ணெயைக்கூட சிந்தாமல் சேர்த்து வைக்கும் அந்த ஊர், தண்ணீரையும் குளம் வெட்டிச் சேர்த்து வைத்த ஊர்தான். நான்கு ஏரிகள் இருந்ததால் 'நான்கு ஏரி' என்ற பெயர் ஏற்பட்டு, அதுவே நாங்குநேரி ஆயிற்று என்று சொல்வார்கள்.

தாமிரபரணி பாயும் சீமைதான். ஆனால் அந்த ஆறு வடக்கே ஒதுங்கிப் போய்விடுகிறது. நாங்குநேரிப் பக்கம் மழையை நம்பிய பூமி. மழை பொய்த்தால் குளம் வறளும். குளம் வறண்டால் கிணறும் வறளும். பங்குனி பிறக்கும்போதே தாய்மார்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். இப்போதே இப்படி என்றால், சித்திரையில் என்ன செய்வது என்று கவலைப்படுவார்கள்.

இந்தக் கவலை கிராமங்களுக்கு மட்டும் உரியது அல்ல. பெரிய கட்டிடங்களும், டிராம் வண்டிகளும், துறைமுகமும் கொண்ட சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு காலத்தில் இதே கவலை வந்தது. அப்போது அந்த நகரின் மேயராக இருந்தவர் யார் தெரியுமா?

தீரர் சத்தியமூர்த்தி!

வெள்ளைக்காரனை எதிர்த்து முழங்கியவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். லட்சக்கணக்கான குடங்களில் தண்ணீர் நிரம்பக் காரணமாக இருந்தவரும் அவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் சோகம்.

திருமயத்துப் பிள்ளை

சத்தியமூர்த்தி 1887-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ந்தேதி பிறந்தார். பிறந்த ஊர் திருமயம். அது அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. பாறை மேல் எழும்பி நிற்கும் கோட்டைக்குப் பெயர் போன ஊர்.

புதுக்கோட்டைச் சீமையில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும்தான் ஜனங்களுக்குக் கதி. மழை பெய்யும் நாளில் பிடித்து வைத்தால் உண்டு; இல்லையென்றால் இல்லை. அப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்தவர் அவர்.

தகப்பனார் சுந்தர சாஸ்திரி வக்கீலாக இருந்தார். சத்தியமூர்த்தி சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் கஷ்டப்பட்டது. ஆனாலும் படிப்பை விடவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். சட்டம் படித்து வக்கீல் ஆனார்.

நல்ல குரல். அழகான ஆங்கிலம். கேட்பவர் மனதைக் கட்டிப்போடும் பேச்சு. கோர்ட்டில் நின்று பேசினால் பணம் குவிந்திருக்கும். அவரோ மேடையில் நின்று தேசத்துக்காகப் பேசினார்.

லண்டனும் சிறைச்சாலையும்

1919-ம் ஆண்டு காங்கிரஸ் மகாசபை ஒரு தூதுக்குழுவை லண்டனுக்கு அனுப்பியது. இந்தியாவுக்கு வெள்ளைக்காரர்கள் கொடுக்க இருந்த அரைகுறை உரிமைகள் போதாது என்று அங்கேயே போய் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் சத்தியமூர்த்தியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 32.

1923-ம் ஆண்டில் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார். 1930-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலில் தேசியக் கொடி ஏற்ற முயன்றபோது கைது செய்யப்பட்டார்.

1934-ம் ஆண்டு டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. ஜஸ்டிஸ் கட்சியின் பெரிய தலைவரான ஏ.ராமசாமி முதலியாரை எதிர்த்து சத்தியமூர்த்தி நின்றார். வெற்றியும் பெற்றார். டெல்லியில் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக விளங்கினார். கேள்வி நேரத்தில் அவர் எழுந்து நின்றாலே சர்க்கார் தரப்பு திணறும்.

அரசியல் மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்று நினைத்துவிடக்கூடாது. சங்கீதத்தில் அவருக்கு உயிர். நாடக மேடையில் வேஷம் கட்டி நடித்தும் இருக்கிறார். நாடகக்காரர்களை மதிக்காத அந்தக் காலத்தில், அவர்களை தேசிய மேடைக்கு அழைத்து வந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை ஏற்பட்டது. ராஜாஜி பிரதம மந்திரி ஆனார். மாகாண முதல்-மந்திரியை அப்போது பிரதம மந்திரி என்றுதான் அழைத்தார்கள். கட்சிக்காக ஊர் ஊராகச் சுற்றிப் பாடுபட்ட சத்தியமூர்த்திக்கு அந்த மந்திரிசபையில் இடம் இல்லை. ஆனால் சென்னை நகரம் வேறு ஒரு நாற்காலியை அவருக்காக வைத்திருந்தது.

மேயர் ஆனார்

1939-ம் ஆண்டு சத்தியமூர்த்தி சென்னை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெள்ளை வெளேர் என்று நிற்கும் ரிப்பன் மாளிகையில் மேயர் நாற்காலி. பதவிக்காலம் ஒரே ஆண்டு.

அது பொல்லாத வேளை. செப்டம்பர் மாதம் இரண்டாவது உலக யுத்தம் மூண்டுவிட்டது. இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டது வெள்ளைக்கார சர்க்கார். அதைக் கண்டித்து காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சென்னை மாகாணத்தின் ஆட்சி கவர்னர் கைக்குப் போயிற்று.

நகரத்திலோ தண்ணீர்ப் பஞ்சம். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் யுத்தத்தைப் பற்றியா பேசுவார்கள்? குடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்!

ஏழு கிணறு போதுமா?

சென்னைக்கு தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆதியில் வீட்டுக்கு வீடு கிணறு. தெருவுக்குத் தெரு குளம். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று 1772-ம் ஆண்டு பேக்கர் என்ற காப்டன் ஒரு திட்டம் போட்டார். நகரின் வட பகுதியில் கிணறுகள் வெட்டி, அங்கிருந்து கோட்டைக்கு தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்த இடத்துக்கு ஏழு கிணறு என்றே பெயர் வந்தது. இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

கோட்டைக்குக் கிணறு போதும். ஆனால் ஜனங்களுக்கு? 1871-ம் ஆண்டு கணக்குப்படி சென்னையின் மக்கள் தொகை சுமார் 4 லட்சம். பிரேசர் என்ற இன்ஜினீயர் தீட்டிய திட்டம் 1872-ல் நிறைவேறியது. சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. தாமரைப்பாக்கம் என்ற இடத்தில் அதன் குறுக்கே ஓர் அணை. அங்கிருந்து தண்ணீர் சோழவரம் ஏரிக்குத் திரும்பும். பிறகு செங்குன்றம் ஏரிக்கு வரும். அங்கிருந்து கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேரும்.

1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் தொட்டிகளில் தண்ணீரை வடிகட்டி, இயந்திரத்தால் ஏற்றி, குழாய்களில் விடும் ஏற்பாடு வந்தது. சுத்தமான தண்ணீர் கிடைத்தது. ஆனால் குழாயும் இயந்திரமும் தண்ணீரை உண்டாக்குமா? ஏரியில் இருந்தால்தானே குழாயில் வரும்!

1941-ம் ஆண்டு கணக்கில் சென்னையின் மக்கள் தொகை சுமார் 7 லட்சத்து 77 ஆயிரம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடிக்கும் வாய்கள் பெருகின. கொடுக்கும் ஏரிகள் பெருகவில்லை.

செம்பும் அண்டாவும்

கொசஸ்தலை ஆற்றில் தண்ணீரே இல்லையா? இருந்தது. ஆனால் ஆண்டு முழுவதும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஆறு கரை புரண்டு ஓடும். தாமரைப்பாக்கம் அணை தண்ணீரைத் திருப்பிவிடுமே தவிர, தேக்கி வைக்காது. கால்வாய் கொண்டது போக மீதி எல்லாம் எண்ணூர் பக்கம் கடலில் போய் விழும். அடுத்த சித்திரையில் அதே ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்.

மழை பெய்யும்போது கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கையில் செம்பு ஒன்றுதான் இருக்கிறது. என்ன பிடிக்க முடியும்? அண்டா வைத்தால் அல்லவா நாலு நாளைக்கு வரும்! சென்னைக்குத் தேவைப்பட்டது அந்த அண்டாதான். தாமரைப்பாக்கத்துக்கு மேலே, வெள்ளத்தைத் தேக்கும் ஒரு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மேற்கே, திருவள்ளூரை அடுத்த பூண்டி அதற்கு இடம் ஆயிற்று.

எதிரியின் வாசலில்

ஒரே ஆண்டு மேயராக இருப்பவர் நாலு கிணறு தோண்டலாம். பத்து வண்டி தண்ணீர் அனுப்பலாம். ஜனங்கள் கை தட்டுவார்கள். பதவியும் முடிந்துவிடும். பூண்டித் திட்டமோ முடிய சில ஆண்டுகள் ஆகும். அதன் பலன் யாரோ ஒரு மேயரின் காலத்தில்தான் கிடைக்கும்.

சத்தியமூர்த்தி அந்தத் திட்டத்துக்காகத்தான் பாடுபட்டார்.

அது சுலபமான காரியமா? யுத்த காலம். சிமெண்டும் இரும்பும் பணமும் யுத்தத்துக்கே போய்க்கொண்டிருந்தன. திட்டத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியவர்களோ வெள்ளைக்கார சர்க்கார். வாழ்நாள் முழுவதும் எவர்களை எதிர்த்து முழங்கினாரோ, அவர்களிடமே போய் நகரத்துக்காக வாதாட வேண்டும். கட்சிக் கொள்கை ஒருபுறம். ஜனங்களின் தாகம் மறுபுறம்.

சத்தியமூர்த்தி கொள்கையை விடவில்லை. அதே சமயம் தண்ணீர் விஷயத்தில் வீம்பும் காட்டவில்லை. டெல்லியில் சர்க்காரைத் திணற அடித்த அதே நாவு, சென்னையில் தண்ணீருக்காக விடாமல் வாதாடியது. சர்க்கார் இணங்கியது.

1940-ம் ஆண்டு பூண்டியில் கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். சத்தியமூர்த்தியின் முயற்சி கல்லாக ஊன்றி நின்றது.

மூழ்கிய கோவில்

எந்த நன்மையும் சும்மா கிடைப்பது இல்லை. நகரத்தின் தாகம் தீர வேண்டும் என்றால் யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டும்.

பூண்டியில் நீர் தேங்கும் இடத்தில் திருவெண்பாக்கம் என்ற தலம் இருந்தது. சுந்தரர் தேவாரம் பாடிய சிவதலம். கண் பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்தார் என்று சொல்லப்படும் இடம். பழைய கோவில் இருந்த அந்த இடம் ஏரிக்குள் மூழ்கிப்போயிற்று. பின்னர் பூண்டியில் வேறு இடத்தில் ஊன்றீசுவரர் கோவிலை அமைத்தார்கள்.

பட்டணத்தில் குழாயைத் திறப்பவர்கள், கிராமத்தார் விட்டுக்கொடுத்த இடத்தை மறக்கக்கூடாது.

குருவும் சீடரும்

பூண்டியில் வேலை நடந்துகொண்டிருந்தது. இங்கே சத்தியமூர்த்தியின் வாழ்க்கையில் இன்னோர் அதிசயம் நடந்தது.

1936-ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனபோது, விருதுநகரைச் சேர்ந்த ஓர் இளைஞரைச் செயலாளராக வைத்துக்கொண்டார். அவர்தான் காமராஜர். 1940-ல் காமராஜர் தலைவர் தேர்தலில் வென்றார். அப்போது சத்தியமூர்த்தி என்ன செய்தார் தெரியுமா? தம்மிடம் செயலாளராக இருந்தவரின் கீழ், தாமே செயலாளராக இருக்கச் சம்மதித்தார்!

மந்திரி பதவி கிடைக்கவில்லையே என்று ஒதுங்காதவர், சீடருக்குக் கீழே வேலை செய்யவும் கூச்சப்படவில்லை.

பங்குனியில் மறைந்தார்

1942-ம் ஆண்டு. ஜப்பான் குண்டு போடும் என்ற பீதியில் ஏப்ரல் மாதம் சென்னை நகரமே காலியாயிற்று. ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஊரை விட்டுப் போனார்கள்.

ஆகஸ்டு மாதம் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. தலைவர்கள் எல்லோரும் கைதானார்கள். சத்தியமூர்த்தியும் கைதானார். அவரை வெகு தூரத்தில் உள்ள அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் அவருடைய முதுகுத்தண்டில் காயம் ஏற்பட்டது. அதிலிருந்து அவர் தேறவே இல்லை.

1943-ம் ஆண்டு மார்ச் மாதம் 28-ந்தேதி சென்னை பொது மருத்துவமனையில் சத்தியமூர்த்தி காலமானார். வயது 55. சீடர் காமராஜர் அப்போது சிறையில் இருந்தார்.

அது பங்குனி மாதம். கிணறுகள் வற்றத் தொடங்கும் மாதம்.

பூண்டி அப்போது முடியவில்லை.

500 கோடிக் குடம்!

1944-ம் ஆண்டு பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. யுத்தத்தின் நடுவே நாலே ஆண்டுகளில் வேலை முடிந்தது. வெள்ளத்தை அளவாக விடுவதற்கு 16 மதகுகள் அமைந்தன.

எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? கட்டியபோது சுமார் 257 கோடி கன அடி. கன அடி என்றால் என்ன? ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டி. அதில் சுமார் 28 லிட்டர் பிடிக்கும். அதாவது ஏறக்குறைய இரண்டு குடம். அப்படியானால் ஏரி நிறைந்தால் 500 கோடிக் குடத்துக்கு மேல்!

கார்த்திகையில் கடலுக்குப் போன வெள்ளம் இப்போது பூண்டியில் தங்கியது. வேண்டும்போது அதைத் திறந்துவிடலாம். ஆற்றின் வழியே தாமரைப்பாக்கம் வரும். அங்கிருந்து சோழவரம், செங்குன்றம், கீழ்ப்பாக்கம், பிறகு தெருக்குழாய், அப்புறம் குடம்.

அந்த நீர்த்தேக்கத்துக்கு 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில் அதன் கொள்ளளவு 323 கோடி கன அடியாக உயர்த்தப்பட்டது. 1996 முதல் ஆந்திராவின் கிருஷ்ணா நதித் தண்ணீரும் பூண்டிக்குத்தான் வந்து சேருகிறது.

தெற்கே வந்த அணை

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி சுதந்திரம் வந்தது. அன்று காமராஜர் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போய் தேசியக் கொடி ஏற்றினார். குரு இல்லாத வீட்டில் குருவின் கனவு கொடியாகப் பறந்தது.

1954-ல் காமராஜர் முதல்-மந்திரி ஆனார். அவருடைய ஆட்சியில் பல அணைகள் எழுந்தன. நெல்லைச் சீமையில் எழுந்தது மணிமுத்தாறு அணை. 1958-ல் வேலை முடிந்தது. தாமிரபரணியில் கலந்து கடலுக்குப் போன மணிமுத்தாற்று வெள்ளத்தை மலையடிவாரத்தில் தேக்கினார்கள். பெருங்கால்வாய் வெட்டித் தெற்கே கொண்டு வந்தார்கள். ஆறு எட்டிப் பார்க்காத நாங்குநேரிச் சீமைக் குளங்களுக்கும் அந்தத் தண்ணீர் வந்தது.

குரு வடக்கே செய்ததை, சீடர் தெற்கே செய்தார்.

நமக்கு என்ன பாடம்?

அணை இருந்தால் பஞ்சமே வராதா? வரும். 2019-ம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் சென்னைக்கு தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

அண்டா மட்டும் இருந்தால் போதாது. மழையும் பெய்ய வேண்டும்; அண்டாவில் மண் சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிணறு வற்றிய பிறகு ஓடுவது எல்லோரும் செய்வது. அடுத்த கோடைக்கும், அதற்கு அடுத்த கோடைக்கும் இன்றே வழி தேடுவது பெரிய மனதுக்காரர்கள் செய்வது. ஊருக்கு ஒரு சத்தியமூர்த்தி பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. கோடையில் ஊர் கூடிக் குளத்தைத் தூர் வாரலாம். வரத்துக் கால்வாயில் முளைத்த முள்ளை வெட்டலாம். மதகைப் பழுது பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன்பே இவற்றை முடித்துவிட்டால், அடுத்த பங்குனியில் கிணற்றை எட்டிப் பார்க்கும் தாய்மாருக்குக் கவலை குறையும்.

சத்தியமூர்த்தி பூண்டித் தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடித்தது இல்லை. அவர் மறைந்து அடுத்த ஆண்டில்தான் அது நிறைவேறியது. 80 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நகரம் அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது.